கால்பந்து அணிக்கு எதற்கு ‘மேலாளர்’?

2018இல் ஆர்சென் வெங்கர் ஆர்சனல் என்ற இங்கிலாந்துக் கால்பந்து அணியை விட்டுப் போனபோது, ‘22 ஆண்டுகள் மேலாளராக இருந்தவர் விடைபெற்றார்’ என்று செய்தியை வாய்விட்டு வாசித்தேன். பக்கத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்த பெரியப்பா, வங்கிக் கிளை மேலாளராக ஓய்வு பெற்றவர், நிமிர்ந்து பார்த்தார். “22 வருஷம் ஒரே பிராஞ்சிலயாடா? டிரான்ஸ்பரே போடலையா?”

அன்றைக்குச் சிரித்தேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது. சீசன் சரியாகப் போகவில்லை என்றால் போதும், ரசிகர்கள் அணியைத் தேர்ந்தெடுத்து ஆடவைத்த பழைய மேனேஜரை நினைத்து ஏங்குவதும் அடுத்தவர் யார் என்று சண்டை போடுவதும் தொடங்கிவிடும். அதைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘முன்னாள் மேலாளர்’, ‘வருங்கால மேலாளர்’ என்றே எழுதித் தள்ளுகிறார்கள்.

மேனேஜர் என்ற சொல்லின் வேர், குதிரையைப் பழக்குவதைக் குறித்த ஓர் இத்தாலியச் சொல். அதற்கும் அடியில் இருப்பது ‘மானுஸ்’, லத்தீனில் கை. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, கையாள்பவர். சரி, விஷயத்துக்கு வருவோம்.

மேலாளர் என்பதில் கை போய் ‘மேல்’ வந்துவிட்டது. அலுவலகத்துக்கு அது பொருந்தும், குறை சொல்லவில்லை. ஆனால் கால்பந்தில் மேலே இருப்பவர்கள் வேறு ஆட்கள்: உரிமையாளர், இயக்குநர்கள். ஆரம்பத்தில் இங்கிலாந்தில் பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்ததே இயக்குநர் குழுதான். அந்த அதிகாரத்தை 1925இல் ஆர்சனலுக்கு வந்த ஹெர்பர்ட் சாப்மன் போன்றவர்கள் மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்கள். தேசிய அணிக்கோ இன்னும் தாமதம். 1963இல் பொறுப்பேற்ற ஆல்ஃப் ராம்சே, தேர்வுக் குழு வேண்டாம், அணியை நானே தேர்வு செய்வேன் என்ற பிறகுதான் அது மாறியது. மேலே இருந்தவர்களிடமிருந்து பிடுங்கிய பதவிக்கு ‘மேலாளர்’ என்று பெயர் வைத்தால் வரலாறே தலைகீழாகிவிடுகிறது.

இன்னொரு குழப்பம். கிரிக்கெட் அணியோடு போகும் மேலாளர் ஓட்டல் அறை, பஸ், பயணம் என்று ஏற்பாடுகளைப் பார்ப்பவர். அவரை மேலாளர் என்பது சரிதான். அதே விளையாட்டுப் பக்கத்தில், நாலு அங்குலம் தள்ளி, இன்னொரு மேலாளர் 4-3-3 வியூகத்தில் அணியை இறக்குகிறார்! ஜெர்மானியர்கள் இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1979இல் 27 வயதில் பயர்ன் மியூனிக்கின் மேனேஜர் ஆன ஊலி ஹோனஸ் பார்த்தது வணிகமும் ஒப்பந்தங்களும். களத்துக்குப் பொறுப்பு டிரெய்னர். அது வேறு ஆள். இலங்கையில் வழங்கும் ‘முகாமையாளர்’ கேட்க நன்றாக இருந்தாலும் அதுவும் அலுவலகச் சொல்லே.

அப்படியானால் பயிற்சியாளர் என்றே எழுதிவிடலாமே என்பார்கள். பல இடங்களில் எழுதலாம், நானும் எழுதுகிறேன். ஆனால் மிகெல் ஆர்டெட்டா 2019 டிசம்பரில் ஆர்சனலுக்கு வந்தது ஹெட் கோச்சாக. 2020 செப்டம்பரில் அவர் பதவிப் பெயரை மேனேஜர் என்று மாற்றினார்கள். அதை எப்படிச் சொல்வது? ‘பயிற்சியாளர் பயிற்சியாளர் ஆனார்’ என்றா? ரசிகனுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். உதவாத ஆட்டக்காரரைக் கொட்டிக் கொடுத்து வாங்கிவிட்டால், மேனேஜராக இருந்தால் திட்டு அவருக்கு. வெறும் ஹெட் கோச் என்றால் ஆளை வாங்கிய விளையாட்டு இயக்குநருக்கு.

மலையாளிகள் இதில் கெட்டிக்காரர்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்த இவான் வுகோமனோவிச்சை ‘ஆசான்’ என்றே கூப்பிட்டார்கள். நம் சிலம்பக் கூடத்துச் சொல்தான்! அது வடமொழி ‘ஆசாரிய’ வழி வந்தது என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. ரசிகர் பேச்சுக்கு அது போதும். செய்திக்குக் கொஞ்சம் உணர்ச்சி கூடிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு நிமிடம் நின்று யோசித்தாலே பாதி தீரும். 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் சோல்ஷயரைத் தற்காலிகமாக ‘கேர்டேக்கர் மேனேஜர்’ ஆக்கியதை ‘பராமரிப்பு மேலாளர்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன். அபார்ட்மென்டில் தண்ணீர் மோட்டார் கெட்டால் கூப்பிடும் ஆள் போல! காபந்து அரசு என்று எத்தனை காலமாக எழுதுகிறோம், அந்தக் ‘காபந்து’ ஏன் நினைவுக்கு வரவில்லை?

என் பரிந்துரை ‘அணிப் பொறுப்பாளர்’. பொறுப்பேற்றார், பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார் என்று வினையில் ஏற்கெனவே எழுதுகிறோம், பெயர்ச்சொல்லில்தான் தடுமாறுகிறோம். வெற்றியும் பழியும் யார் தலையில் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. ஹெட் கோச் என்றால் தலைமைப் பயிற்சியாளர், மேனேஜர் என்றால் அணிப் பொறுப்பாளர். மேலாளர் போய் பஸ் ஏற்பாட்டைப் பார்க்கட்டும்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். “ஆபீஸ்ல பேருக்குப் பக்கத்துல ‘பொறுப்பு’ன்னு போட்டா, ஆள் தற்காலிகம்னு அர்த்தம்டா” என்றார். நியாயமான ஆட்சேபம். ஆனால் அலெக்ஸ் பெர்குசனின் 26 ஆண்டுகளுக்குப் பிறகு யுனைடெட்டுக்கு வந்த டேவிட் மோயஸைச் சொன்னேன்: ஆறு ஆண்டு ஒப்பந்தம், பத்தே மாதத்தில் வீடு. பெரியப்பா காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “அப்ப பொறுப்புன்னே போடு” என்றார்.