வாக்குரிமை: சொல் விளக்கம்

வாக்களிப்பது உரிமையா, சலுகையா என்ற விவாதம் ஆங்கிலத்தில் எளிதில் எழும். காரணம், வாக்குரிமைக்கு அங்கே வழங்கும் சட்டச் சொல் 'ஃபிரான்சைஸ்'. பழைய பிரெஞ்சில் 'ஃபிராங்க்' என்றால் கட்டற்றவர். மன்னர் ஒரு நகரத்துக்கோ குழுவுக்கோ வழங்கிய விலக்கைக் குறித்த அந்தச் சொல், பிற்காலத்தில்தான் வாக்களிப்பைக் குறிக்க வந்தது. கொடுப்பவர் ஒருவர் அதன் வேரிலேயே நிற்கிறார்.

தமிழ்ச் சொல்லில் அப்படி யாரும் இல்லை. 'உரி' என்ற அடியில் பிறந்தது உரிமை. உரியது, உரியவர், உரித்து எல்லாம் ஒரே குடும்பம். எனக்கு உரியதை யாரும் எனக்குத் தர வேண்டியதில்லை, மறிக்காமல் இருந்தால் போதும். 'வாக்கு' வடமொழியிலிருந்து வந்தது. பேச்சு, உறுதிமொழி இரண்டும் அதன் பொருள். 'ஓட்டு' ஆங்கிலம் வழியாக வந்த லத்தீன் 'வோட்டும்'. அதற்கும் நேர்ந்துகொள்ளுதல், வேண்டுதல் என்றே பொருள். இரண்டும் வாய்ச்சொல்லில் தொடங்கியவை என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை.

சரி, அந்த விவாதத்தில் உரிமைக்கு எதிரே ஆங்கிலத்தில் வைக்கும் 'பிரிவிலேஜ்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? லத்தீனில் அது தனி ஒருவருக்கென வகுத்த சட்டம். 'சிறப்புரிமை' என்பார்கள், சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றிப் பேசும்போது அது பொருந்தும். இங்கே 'உரிமையா, சிறப்புரிமையா' என்று கேட்டால் இரண்டிலும் உரிமை நின்று குழப்புகிறது. தந்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதை உணர்த்த 'சலுகை'தான் தெளிவு.

உண்மையான சிக்கல் 'தகுதி' என்ற சொல்லில் இருக்கிறது. பேச்சில் அது திறமையையும் மதிப்பையும் குறிக்கும். அதனால்தான் 'வாக்காளர் தகுதி' என்றதும், படிக்காதவருக்கு எதற்கு ஓட்டு என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். கேட்கவே வேதனையாக இருக்கிறது. சட்டம் இன்று பொதுவாகக் கேட்பது வயது, குடியுரிமை, வசிப்பிடம், பட்டியலில் பெயர் போன்றவைதான். அறிவுக்கோ ஒழுக்கத்துக்கோ மதிப்பெண் போடுவதில்லை. சொத்தும் பாலினமும்கூட ஒரு காலத்தில் 'தகுதி'யாகவே இருந்தன. நியூசிலாந்துப் பெண்கள் 1893-இல் வாக்குரிமை பெற்றார்கள். சுவிட்சர்லாந்தில் தேசியத் தேர்தலில் வாக்களிக்கப் பெண்கள் 1971 வரை காத்திருந்தார்கள். இடைப்பட்ட 78 ஆண்டுகளில் சுவிஸ் பெண்களிடம் எந்தக் குறையும் இருக்கவில்லை. ஆகவே 'வாக்களிக்கும் நிபந்தனை' என்று எழுதுவதே நேர்மை.

பிரிட்டனில் ஒரு கைதி தொடுத்த வழக்கில், 2005-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வாக்குரிமை சலுகை அல்ல என்று வெளிப்படையாகவே சொன்னது. நிபந்தனை விதிக்க அரசுக்கு இடமுண்டு, ஆனால் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர்கள் எல்லாரிடமிருந்தும் ஒட்டுமொத்தமாகப் பறித்தது தவறு என்பது அதன் தீர்ப்பு.