14 வருஷமாகச் சந்தா ஏறாத சங்கம்

“அக்கா, ஒரு சின்ன டவுட்” என்று தொடங்கும் எந்த போன் காலும் என் அனுபவத்தில் சின்ன டவுட்டாக முடிந்ததில்லை. இந்த முறை பேசியவர் அமெரிக்காவில் இருக்கும் ஒரு மென்பொருள்காரர். வீட்டிலிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில் மலைக்காட்டுக்குள் கேபின் வாங்கியிருக்கிறார். மொத்தம் 34 கேபின்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கிராவல் ரோடு, ஒரு பொதுக் கிணறு, ஒரு ஹெச்.ஓ.ஏ., அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம். எக்ஸெல் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக இவரைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

பொறுப்பேற்ற ஐந்தாவது மாதம், ஓடைக்கு மேலே சாலையைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்புக் கல்வர்ட் குழாய் போய்விட்டது. அடிப்பக்கம் முழுக்கத் துரு. வாயில் இலையும் கிளையும் அடைப்பு. பனி உருகி வந்த தண்ணீர் குழாயைச் சுற்றி வழி பண்ணிக்கொண்டு, சாலையையே அரித்துத் தள்ளிவிட்டது. கான்ட்ராக்டர் சொன்ன தொகை 68,000 டாலர். சங்கத்தின் கணக்கில் இருந்தது 11,400.

“ஆனா அக்கா, எங்க பிரெசிடென்ட் ரொம்ப நல்லவர். 14 வருஷமா ட்யூஸ், அதான் சந்தா, ஏத்தவே இல்ல.”

இந்த மாதத்தில் நான் கேட்ட மூன்றாவது ‘ஏத்தவே இல்ல’ இது. அதனால்தான் வரி சீசன் நடுவில், பாதி ராத்திரியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இப்படிப்பட்ட சின்னச் சங்கங்களுக்குக் கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பில் பாதி. கேபின் வாங்கும் நம்மவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வாங்கும்போது பால்கனியில் தெரியும் மலையைப் பார்க்கிறார்கள். சங்கத்தின் வரவு செலவைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சந்தா ஏறவில்லை என்றால் காசு மிச்சம் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ரத்தக் கொதிப்பு. எதுவும் மிச்சமாகவில்லை ஐயா. அந்தக் குழாய் புதைத்த நாளிலிருந்து தினமும் துருப்பிடித்துக்கொண்டுதான் இருந்தது. நீங்கள் பணம் எடுத்து வைக்கவில்லை என்பதற்காக அது துருப்பிடிப்பதை நிறுத்தவில்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழாய்க்கு ஆயுள் 25 ஆண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 68,000-ஐ 25-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 2,720. அதை 34 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 80 டாலர். வருஷத்துக்கு 80! இதை ஏற்றாமல் இருந்ததற்குத்தான் அந்த நல்ல மனிதருக்கு ஆண்டுக் கூட்டத்தில் கைதட்டல். இப்போது வீட்டுக்கு 2,000, அதுவும் ஒரே தவணையில். கையிருப்பு 11,400-ஐத் தொட முடியாது, அது பனி அள்ளவும் இன்சூரன்ஸ் கட்டவும் வேண்டும்.

இதில் நியாயமும் இல்லை. 20 ஆண்டு அந்தச் சாலையில் போய்வந்து, போன வருஷம் நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போனவர் ஒரு சென்ட் கொடுக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய நம் பொருளாளர் முழுசாகக் கட்டுகிறார். குறைந்த சந்தா என்பது, இன்று இருப்பவன் செலவை நாளை வாங்குபவன் தலையில் எழுதுவது. விற்பனை விளம்பரத்தில் ‘லோ ஹெச்.ஓ.ஏ.’ (சந்தா குறைவு) என்று போட்டிருந்தால் நான் முதலில் கேட்பது பெரிய பழுதுகளுக்கென்று எடுத்து வைக்கும் ரிசர்வ் நிதியில் எவ்வளவு இருக்கிறது என்றுதான். பெரும்பாலும் பதில் வராது.

ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று அடுக்குமாடி ஒன்று பாதி இடிந்து விழுந்து 98 பேர் இறந்தது நினைவிருக்கும். பழுது பெரிது என்று பொறியாளர் எழுதிக்கொடுத்தது 2018-இல். சுமார் 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்குச் சங்கம் வந்து சேர்ந்தது 2021 ஏப்ரலில். அதற்கப்புறம் அந்த மாநிலம் 2022-இல் மூன்று மாடி முதல் உள்ள காண்டோக்களின் (அடுக்குமாடிக் குடியிருப்புகளின்) ரிசர்வ் நிதிக்குச் சட்டம் போட்டது. அது கேபின்காரர்களைத் தொடாது. ஆனால் செலவைத் தள்ளிப்போடக் கூட்டங்களில் நடக்கும் பேச்சு, இங்கேயும் வார்த்தை மாறாமல் அதே பேச்சுதான்.

அடுத்தது, “நாங்க வருஷத்துக்கு இருபது நாள்தான் வர்றோம், நாங்க எதுக்கு முழு ட்யூஸ் கட்டணும்?” கிராவல் ரோட்டைக் கெடுப்பது உங்கள் கார் மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? தண்ணீர். நீங்கள் வராத 345 நாளும் அது வருகிறது. சாலையின் நடு கொஞ்சம் மேடாக இருக்க வேண்டும், அடிக்கு அரை அங்குலம் என்பது கணக்கு. 18 அடி அகலச் சாலை என்றால் ஓரத்தைவிட நடு நாலரை அங்குலம் உயரம். அந்த மேடு தேய்ந்து தட்டையானதும் மழைத்தண்ணீர் ஓரக் கால்வாய்க்குப் போகாமல் சக்கரத் தடத்திலேயே ஓடும். அப்புறம் அது சாலை இல்லை, ஓடை. அடுத்த முறை போகும்போது ஒரு நூலும் மட்டப்பலகையும் எடுத்துப் போய்ப் பாருங்கள், அஞ்சு நிமிஷ வேலை. நான் பார்த்த ஒரு சாலையில் நடுதான் பள்ளமாக இருந்தது.

கிரேடரை (சாலையைச் சீவிச் சரிசெய்யும் வண்டியை) விட்டு மேட்டை மீட்பது ஆண்டுச் செலவு. அதைத் தள்ளிப்போட்டால் கல்லே போய்விடும். ஒரு மைல் நீளம், 18 அடி அகலம், வெறும் 3 அங்குலக் கனத்துக்குப் புதுசாகக் கொட்ட 880 கன கெஜம் கிராவல் வேண்டும். ஒரு டம்ப் டிரக்கில் 12 கன கெஜம் வரும் என்றால் 70-க்கும் மேல் நடை. இப்போது சொல்லுங்கள், எது மிச்சம்?

கிணற்றைப் பற்றிக் கேட்டேன். “எங்க சொந்தக் கிணறுதானே அக்கா” என்றார். இல்லை தம்பி. 15 இணைப்புகளோ, ஆண்டில் 60 நாளாவது 25 பேரோ இருந்தால், கூட்டாட்சிச் சட்டப்படி அது ‘பொதுக் குடிநீர் அமைப்பு’. 1974-இல் வந்த குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் அது. 34 குழாய் இணைப்பு வைத்துக்கொண்டு ‘எங்க கிணறு’ என்று சொல்ல முடியாது. தண்ணீர் சோதனை, அறிக்கை, சில இடங்களில் உரிமம் பெற்ற ஆபரேட்டர் வரை எல்லாம் உண்டு. மாநிலத்தின் குடிநீர்ப் பிரிவில் உங்கள் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். அவர்கள் முதலில் உங்களைக் கூப்பிடும் நிலை வரக் கூடாது.

என் துறை சங்கதிக்கு வருகிறேன். “நாங்க நான்-பிராஃபிட், டாக்ஸ் ஃபைலிங் எல்லாம் கிடையாது” என்று மீசையை முறுக்காதீர்கள். மாநிலத்தில் நான்-பிராஃபிட்டாகப் பதிவு செய்வது வேறு, கூட்டாட்சி வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வரிவிலக்கு கொடுப்பது வேறு. சாதாரணச் சங்கம் ஆண்டுதோறும் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் படிவம் 1120-ஹெச் போதும். உறுப்பினர் சந்தாவுக்கு வரி இல்லை. வங்கி வட்டி மாதிரி வெளி வருமானத்தில் 100 டாலர் கழிவு போக மிச்சத்துக்கு 30 சதவீதம். உங்கள் சங்கத்துக்கு அது பீட்சா காசுகூட வராது. ஆனால் ஏழு வருஷம் போடாமல் விட்டு, நோட்டீஸ் எல்லாம் எப்போதோ விற்றுவிட்டுப் போன பழைய பிரெசிடென்ட் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சங்கத்தின் கோப்பு இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. ரசீதுகள் ஒரு ஷூ டப்பாவில் வந்தன. ஷூ சைஸ் பத்து.

இன்னொன்று. சந்தாவை உங்கள் சொந்த வென்மோவில் (போனில் பணம் அனுப்பும் ஆப்) வாங்காதீர்கள். நீங்கள் உத்தமர்தான், எனக்குத் தெரியும். நாளை பக்கத்துக் கேபின்காரருக்கும் உங்களுக்கும் ஒரு மரக்கிளையை வைத்துச் சண்டை வரும்போது அவருக்குத் தெரியாது. சங்கத்தின் பெயரில் கணக்கு, செக்கில் இரண்டு கையெழுத்து, அன்றாடச் செலவுக் கணக்கும் ரிசர்வ் கணக்கும் தனித்தனி. மாதாமாதம் ஸ்டேட்மென்ட்டைச் செக் எழுதாத ஒருவர் பார்க்க வேண்டும். இதற்கு ஆடிட்டரே தேவையில்லை.

தீயையும் மறக்காதீர்கள். வீட்டைச் சுற்றி முதல் 5 அடிக்குள் விறகு அடுக்காதீர்கள், இலைக்குப்பையை வைக்காதீர்கள். காட்டுத்தீயில் பல வீடுகள் எரிவது நெருப்பு நடந்து வந்து அல்ல, பறந்து வரும் தீக்கங்குகளால். அதிலும் உங்களுக்கு இருப்பது ஒரே சாலை. தீயணைப்பு வண்டி அந்தக் கல்வர்ட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

பொருளாளர் கதைக்கு வருகிறேன். சிறப்பு வசூலுக்கு உறுப்பினர் ஓட்டு வேண்டும் என்று அவர்கள் பைலாஸ், அதாவது சங்க விதிகள், சொல்கிறது. முதல் கூட்டத்துக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் இருக்க வேண்டியவர்கள், 18 பேர். வந்தது ஏழு பேர். ஏன் என்று தோண்டினால், அறிவிப்பு போனது கேபின் முகவரிக்கு! வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவர்களின் தபால்பெட்டியில், மார்ச் மாதம். இரண்டு பெட்டிகளில் குருவி கூடு கட்டியிருந்ததாம். எல்லோருடைய ஊர் முகவரியையும் மின்னஞ்சலையும் தேடிப்பிடித்து, ப்ராக்ஸி படிவத்தோடு (வர முடியாதவர் தன் ஓட்டை வேறொருவர் மூலம் போடும் படிவம்) மறுபடி அனுப்ப வைத்தேன். 26 பேர் ஆனார்கள், தீர்மானம் நிறைவேறியது. அதே கூட்டத்தில் சந்தாவை வருஷத்துக்கு 150 டாலர் ஏற்றவும் ஒத்துக்கொண்டார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் நம் நல்ல பிரெசிடென்ட்டும் ஒருவர்.

கேபின் வைத்திருக்கும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பதவிக்கு வாருங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் இப்போதைய முகவரியைச் சங்கத்துக்குக் கொடுங்கள். ப்ராக்ஸி படிவம் வந்தால் ஆமாமோ இல்லையோ, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஸ்டாம்ப் ஒட்டிய கவர் உள்ளேயே இருக்கும்.