தங்குதனை முப்பரிமாணமாக அச்சிடும்போது ஏன் வெடிப்பு விழுகிறது?

யாழ்ப்பாணத்தில் எவர்சில்வர் கேற் செய்யும் பட்டறைகளில், ரிக் வெல்டிங் பிடியின் நுனியில் ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அது தங்குதன் (டங்ஸ்டன்) என்ற உலோகம். கேற்றின் உலோகம் 1400 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகி ஓடும். ஊசியோ அப்படியே நிற்கும். அதன் உருகுநிலை 3422 பாகை, உலோகங்களில் இதுதான் ஆக அதிகம். காற்றுப் படாமல் அதைக் காக்கும் ஆகன் வாயு நின்றுபோனால் மட்டும் சுடச்சுட ஒட்சிசன் பட்டுக் கறுத்து அரிபட்டுவிடும்.

இதே உலோகத்தில் மெல்லிய சுவர்களும் உள்ளே வளைந்த துளைகளும் கொண்ட ஒரு பாகம் வேண்டுமென்றால் லேத் உதவாது. அறை வெப்பநிலையில் தங்குதன் நொறுங்கும் தன்மை கொண்டது. வெட்டினால் விளிம்பு தெறிக்கும், வெட்டும் அலகும் சீக்கிரம் தேயும். அதனால் தங்குதன் தூளை மெல்லிய படையாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அதன்மேல் அடுத்த படை என்று முப்பரிமாணமாக அச்சிடுகிறார்கள்.

குவித்த லேசருக்கு 3422 பாகையைத் தாண்டுவது பெரிய காரியமல்ல. சிக்கல் ஆறும்போது வருகிறது. உருகிய கோடு கண் இமைப்பதற்குள் உறைந்து சுருங்கப் பார்க்கும். கீழே ஏற்கெனவே ஆறிய உலோகம் அதைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடிக்கும். இரும்பென்றால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தங்குதன் சில நூறு பாகைக்குக் கீழே வந்ததும் வளையும் குணத்தை இழந்துவிடும். சூடான லாம்புச் சிமினியில் தண்ணீர் தெறித்ததுபோல் வெடிப்பு ஓடும். உலோகத்தின் நுண்ணிய பளிங்குகள் ஒன்றோடொன்று தொடும் எல்லைகளில் சிறிதளவு ஒட்சிசன் சேர்ந்தாலே பிடிமானம் தளர்ந்து, வெடிப்பு அந்த வழியே போகும்.

எனக்குப் பிடித்த தீர்வு, லேசருக்குப் பதிலாக இலத்திரன் கற்றையால் தூளை உருக்குவது. வெற்றிடத்தில் வேலை நடப்பதால் ஒட்சிசன் தொல்லை குறைவு. அதோடு, அதே கற்றையை வேகமாக ஓடவிட்டுத் தூள் படுக்கை முழுவதையும் 1000 பாகைக்கு மேல் சூடாக வைத்திருக்கலாம். பாகம் முடியும்வரை உலோகம் வளையக்கூடிய நிலையிலேயே இருக்கும். பிறகு மெதுவாக ஆறவிடலாம். தந்தாலம், நையோபியம் போன்ற உருகுநிலை கூடிய மற்ற உலோகங்கள் அறை வெப்பநிலையிலேயே வளைந்து கொடுப்பதால் இவ்வளவு பாடு படுத்துவதில்லை.

ஆனால் இலத்திரன் கற்றை தரும் மேற்பரப்பு கரடுமுரடானது, மிக மெல்லிய சுவருக்கு அது சரிவராது. அதனால் சி.டி. ஸ்கானில் சிதறிய எக்ஸ் கதிரைத் தடுக்கும் தங்குதன் சட்டகங்களை லேசரிலேயே அச்சிடுகிறார்கள். பெரிய பாரம் எதையும் தாங்காத பாகம் என்பதால், அங்கே நுண்ணிய வெடிப்புகள் இருந்தாலும் வேலை கெடாது.