மங்கலாக்கினால் மறைந்துவிடுமா?

"பின்னணியைக் கொஞ்சம் ப்ளர் பண்ணிக் கொடுங்க." படத் திருத்த வேலையில் நான் அதிகம் கேட்கும் வார்த்தை இதுதான். ப்ளர் என்றால் மங்கலாக்குவது. எனக்கும் பிடித்த வேலை. கூட்டத்தின் நடுவே நிற்கும் குழந்தையின் முகத்துக்குப் பார்ப்பவரை நேராகக் கொண்டுபோக இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் பலரும் ஆளை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு, மிச்சம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் காஸியன் ப்ளர் என்ற வழக்கமான மங்கல் ஃபில்டரைப் போட்டுவிடுகிறார்கள். லென்ஸ் அப்படிப் பார்ப்பதில்லை. ஃபோகஸ் உள்ள தூரத்திலிருந்து முன்னாலோ பின்னாலோ விலக விலகத்தான் மங்கல் கூடும். ஆகவே ஆளின் காலடித் தரையும் அவரைப் போலவே தெளிவாக இருக்க வேண்டும். அதையும் மங்கலாக்கினால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். ப்ளர் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று சொல்லும் மாஸ்க்கில், காலடியிலிருந்து தொலைவு நோக்கிப் படிப்படியாகக் கூடும் ஒரு கிரேடியன்ட் இழுத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இன்னொன்று, ஓரக் கசிவு. சிவப்புச் சட்டைக்காரரைச் சுற்றி சிவப்பாக ஒரு புகை நிற்கும். ஆள் இருக்கும் லேயரையே (படத்தின் அடுக்கையே) மங்கலாக்குவதால் வருவது அது. லேயரை நகலெடுத்து, அதிலிருந்து ஆளை நீக்கி, அந்த இடத்தைப் பின்னணியால் நிரப்பி, அப்புறம் ப்ளர் போடுங்கள்; கசியாது. தலைமுடி ஓரத்தை மட்டும் பொறுமையாகக் கையால்தான் தீட்ட வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் 2012-இல் சிஎஸ்6 பதிப்போடு வந்த டில்ட்-ஷிஃப்ட் ப்ளரைப் போட்டுப் பாருங்கள்; ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டு மற்றதை மங்கலாக்கும் கருவி அது. உயரத்திலிருந்து எடுத்த தெருக்காட்சி பொம்மைத் தெருவாகிவிடும். அவ்வளவு குறுகிய தெளிவு, மிக அருகில் வைத்து எடுத்த சின்னப் பொருட்களில்தான் வரும் என்று நம் கண் பழகியிருக்கிறது.

கண்ணை இப்படி ஏமாற்றும் வித்தையை நம்பி ரகசியத்தையும் மறைக்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கவலை.

அண்மையில் ஒருவர் அனுப்பிய அடையாள அட்டைப் படத்தில் எண் மங்கலாக்கப்பட்டிருந்தது. படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இலக்கங்களை வாசிக்க முடிந்தது. ப்ளர் எல்லாவற்றையும் அழித்துவிடுவதில்லை, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஓர் இலக்கத்துக்கு 0 முதல் 9 வரை பத்தே வாய்ப்புகள். அதே எழுத்துருவில் பத்தையும் அதே அளவு மங்கலாக்கி ஒப்பிட்டால், எது பொருந்துகிறது என்று கணினி சொல்லிவிடும். ஒரு குற்றவாளி தன் முகத்தை, சுழல்போல் முறுக்கும் சுழற்சி ஃபில்டரால் சிதைத்துப் படங்களைப் பரப்பினான். ஜெர்மன் காவல்துறை நிபுணர்கள் அந்தச் சுழற்சியைத் திருப்பி முகத்தை மீட்டார்கள். 2007-இல் இன்டர்போல் அந்த முகத்தை வெளியிட்ட சில நாட்களிலேயே பிடிபட்டான். அங்கே அது நல்லதுக்கு உதவியது. உங்கள் அட்டை எண்ணை மீட்க நினைப்பவர் நல்லவராக இருக்க வேண்டுமே!

லேயர்களோடு உள்ள கோப்பை அனுப்பவே அனுப்பாதீர்கள். அசலை மாற்றாமல் உள்ளே வைத்திருக்கும் லேயரான ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டில் போட்ட ப்ளரை அணைத்தால் அசல் அப்படியே அடியில் இருக்கும். சில மென்பொருள்கள் கோப்புக்குள் பழைய சிறுபடத்தையும் விட்டுவைக்கின்றன.

அந்த அட்டையில் எண்ணின் மேல் முழுக் கறுப்புப் பெட்டி வைத்து, லேயர்களை ஒன்றாக்கி, மெட்டாடேட்டாவை (கோப்போடு ஒட்டிவரும் கூடுதல் தகவலை) நீக்கிப் புது ஜேபெக் படமாகத் திருப்பி அனுப்பினேன். பழைய படத்தை யாருக்கெல்லாம் அனுப்பினாரோ, அவர்களிடம் அதை அழித்துவிடச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டேன்.