ஸ்டாய்க்கியோமெட்ரி: தமிழில் என்ன சொல்வது?

ஒரு வேதிவினையில் எந்தப் பொருள் எவ்வளவு சேர வேண்டும், சேர்ந்தால் எவ்வளவு விளையும் என்று கணக்கிடுவதுதான் ஸ்டாய்க்கியோமெட்ரி. வாயில் எளிதில் நுழையாத சொல்தான், ஆனால் பிரித்துப் பார்த்தால் அழகானது. கிரேக்கத்தில் 'ஸ்டோய்கெயோன்' என்றால் அடிப்படைக் கூறு. நெடுங்கணக்கின் ஓர் எழுத்தையும் அது குறிக்கும். எழுத்துகள் கூடிச் சொல்லாவதும் தனிமங்கள் கூடிச் சேர்மமாவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன! 'மெட்ரோன்' என்றால் அளவு. இரண்டையும் இணைத்து 1792-இல் இச்சொல்லைத் தந்தவர் எரேமியாஸ் பெஞ்சமின் ரிக்டர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்.

அப்படியானால் 'தனிம அளவியல்' என்று சொல்லிவிடலாமே? கூடாது என்பேன். ரிக்டர் ஆராய்ந்தது, ஓர் அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு காரம் வேண்டும் என்பதை. அமிலமும் காரமும் தனிமங்களே அல்ல. கணக்கு எப்போதும் வினையில் பங்கேற்கும் பொருள்களைப் பற்றியது.

அம்மோனியாவைப் பாருங்கள். ஒரு நைட்ரஜன் மூலக்கூறோடு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் சேர்ந்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் உருவாகின்றன. இந்த 1:3 மோல் விகிதம், எடை விகிதம் அல்ல. மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். எடையில் 28 கிராம் (ஒரு மோல்) நைட்ரஜனுக்கு 6 கிராம் (மூன்று மோல்) ஹைட்ரஜன் போதும். 34 கிராம் அம்மோனியா கிடைக்கும். சரி, ஹைட்ரஜன் 3 கிராம்தான் இருக்கிறது என்றால்? அது 1.5 மோல். அதற்கு ஈடாக அரை மோல் நைட்ரஜன், அதாவது 14 கிராம், செலவாகும். வினை முழுமையாக நடந்தாலும் 17 கிராம் அம்மோனியாதான். மீதி 14 கிராம் நைட்ரஜன் அப்படியே கிடக்கும். முதலில் தீர்ந்து விளைச்சலை முடிவுசெய்த ஹைட்ரஜன்தான் இங்கே 'வினைக்கட்டுப்பாட்டுக் காரணி'.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இந்தக் கணக்கை 'வேதிவினைக்கூறு விகிதம்' என்கின்றன. இலங்கைத் தமிழில் 'பீசமானம்'. பின்னது கச்சிதமானது, ஆனால் வடமொழி தெரியாதவருக்குப் பொருள் பிடிபடாது. முன்னது நீளமானாலும் வினை, கூறு, விகிதம் என்று தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. என் தேர்வு அதுவே. துறையைக் குறிக்க 'வேதிவினைக்கூறு விகிதவியல்' எனலாம். நீளம் உறுத்தினால் 'வினைக்கூறு விகிதம்' என்று சுருக்கிக்கொள்ளுங்கள். வெறும் 'விகிதம்' என்று மட்டும் விட்டுவிட வேண்டாம். படிப்பவர் உடனே எடை விகிதத்துக்குப் போய்விடுவார்.