கடையைக் காலி செய்கிறார்கள் என்று பியானோ வாங்கப் போகிறவர்களுக்கு

நான் பல வருடமாக ட்யூனிங் வேலை எடுத்துச் செய்த ஒரு பியானோ கடையை மூடுகிறார்கள். வாடகை, டிஜிட்டல் பியானோ, ஃபிளாட்டில் இடமில்லாமை என்று எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள்தான். எனக்கும் வருத்தம்தான். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. கடை காலியாகிறது என்றதும் ஓடிப்போய், உள்ளே ஒதுக்கிக் கிடந்த பழைய அப்ரைட்டுகளை, அதாவது பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கும் பியானோக்களை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்துவிட்டு, அப்புறம்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். போன வாரமும் ஒரு வீடு. "ட்யூன் மட்டும் பண்ணிக் கொடுங்க சார், போதும்" என்றார் அப்பா. மகள் கிரேடு பரீட்சைக்குப் படிக்கிறாள்.

கம்பியைச் சுற்றி இறுக்கும் ட்யூனிங் பின் ஒன்றில் சாவியை மாட்டித் திருப்பினேன். பிடிமானமே இல்லாமல் கொழகொழவென்று திரும்பியது. சுருதிக்கு ஏற்றிவிட்டுக் கையை எடுத்தால், அடுத்த கம்பிக்குப் போவதற்குள் இறங்கிவிட்டது. கீழ்ப் பலகையைக் கழற்றினேன். பெடல் கட்டைமேல் கரையான் மண். வெளியே மட்டும் புது பாலிஷ், முகம் தெரிகிற அளவுக்கு.

"நூறு வருஷப் பழசு சார், ஜெர்மன் மேக். நாளாக ஆக மதிப்பு கூடத்தானே செய்யும்?"

கூடாது. தயவுசெய்து இந்த நினைப்பை விடுங்கள். நல்ல வயலினுக்கு வயதாக ஆக விலை ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பியானோவுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். பியானோ ஆயிரக்கணக்கான உறுப்புகள் உள்ள ஓர் இயந்திரம். உள்ளே சுமார் 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறத்தாழ 18 டன். நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், இரவு பகலாக அந்த இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். இதில் "வாசிக்கவே இல்லை, புதுசு மாதிரி இருக்கு" என்பது எப்படி நல்ல செய்தியாகும்? வாசிக்காமல் மூடி வைத்த பியானோவில்தான் பூச்சி நிம்மதியாக ஃபெல்ட்டை, அதாவது அழுத்திய கம்பளியை, அரிக்கிறது. பின்கள் நிற்பது மரக்கட்டையில். ஐப்பசி மழையில் அந்த மரம் உப்பும், ஏசி ஓடினால் சுருங்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் ஓட்டை தளராமல் என்ன செய்யும்? கம்பியின் ஒலியைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டில் விரிசல், துருப்பிடித்த கம்பி, கம்பியை அடிக்கும் சுத்தியலில் கல்லாகிப்போன ஃபெல்ட் எல்லாம் வயதோடு வருபவை. மாற்றலாம். ஆனால் பல சமயம் அந்தச் செலவில் நல்ல நிலையிலுள்ள பியானோ ஒன்றையே வாங்கிவிடலாம்.

பெயரைப் பார்த்தும் மயங்காதீர்கள். கெம்பிள் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2009-இல் மில்டன் கீன்ஸ் தொழிற்சாலையை மூடியது. அதற்குப் பிறகும் அதே பெயரில் ஆசியாவில் செய்த பியானோக்கள் வந்தன. அவை மட்டம் என்று சொல்லவில்லை. மூடியில் இருக்கும் பெயர் பிறந்த இடத்தைச் சொல்லாது, அவ்வளவுதான். வெள்ளைக்காரர் காலத்து அப்ரைட்டுகள் சிலவற்றில் சுத்தியல்களுக்கு முன்னால் கூண்டு மாதிரி கம்பி வரிசை நிற்கும். அந்த ரகத்தை மாணவருக்கு வாங்கவே வாங்காதீர்கள். சத்தம் சரியாக அடங்காது, ட்யூனருக்கும் கை நுழையாது.

பணம் கொடுப்பதற்கு முன் ட்யூனர் ஒருவரை அழைத்துப் போங்கள். கடைக்காரர் சொல்கிறவரை அல்ல, நீங்கள் தேடிப் பிடித்தவரை. பலகையைக் கழற்றிப் பார்க்க விடாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திக் கேளுங்கள். இரும்புச் சட்டத்தில் இருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். யமஹா, கவாய் போன்றவற்றில் அதை வைத்தே செய்த வருடத்தைக் கண்டுபிடிக்கலாம். புதுப் பியானோ என்றால், கடை போன பிறகு வாரண்டிக்கு யார் பொறுப்பு என்று கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரின் வாய்வார்த்தை போதாது.

ஏற்கெனவே அங்கே வாங்கி, அவர்களை நம்பியே இருந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடை திறந்திருக்கும்போதே போய் உங்கள் சர்வீஸ் விவரங்களை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பியானோ தூக்கிய ஆட்களின் நம்பரையும் கேளுங்கள். பெரும்பாலான அப்ரைட்டுகள் 200 கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். பீரோ ஏற்றுகிற ஆட்களை வைத்து அதை மாடிப்படியில் ஏற்றாதீர்கள்.