நேரியல் நிரலாக்கம்: இதில் நிரல் எங்கே இருக்கிறது?

மேலாண்மை மாணவர்களுக்கான பாடப்பிரதி ஒன்றைச் சரிபார்த்துத் தரச்சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஐந்தாவது பாடத்தின் தலைப்பு ‘நேரியல் நிரலாக்கம்’. லீனியர் புரோகிராமிங்கைத்தான் சொல்கிறார்கள், அதாவது கையில் இருப்பதை வைத்து எதை எவ்வளவு செய்தால் லாபம் கூடும் அல்லது செலவு குறையும் என்று கண்டுபிடிக்கும் கணக்குமுறை. பல வருடமாகப் பார்த்துச் சலித்துப்போன சொல், ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். ஆனால் மூன்றாவது பக்கத்தில் இப்படி ஒரு வரி: “இம்முறையைப் பயன்படுத்த விரும்பும் நிறுவனத்தில் தேர்ந்த நிரலாளர்கள் இருத்தல் வேண்டும்.” மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கே இருந்தது உற்பத்தித் திட்டம் போடுகிறவர்களைப் பற்றிய வரி. மொழிபெயர்த்தவரைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன், மற்ற பாடங்களை நன்றாகவே செய்திருக்கிறார். தலைப்பில் வைத்த சொல்லை நம்பினார், அது அவரை வேறு துறைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இதே சொல்லைப் படித்துவிட்டு ஒரு மாணவி என்னிடம் வந்து, “சார், இந்தப் பாடத்துக்கு எந்த லாங்குவேஜ் கத்துக்கணும், பைத்தானா சி-யா?” என்று கேட்டதும் உண்டு. அந்தக் கேள்வியில் தவறே கிடையாது. நிரலாக்கம் என்றால் இன்று தமிழில் கணினிக்கு நிரல் எழுதுவதுதான். வேறு எப்படிப் புரிந்துகொள்வாள்?

சரி, சொல்லின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புரோகிராம் கிரேக்க வழி வந்தது, பலர் அறிய முன்னே எழுதி வைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். அங்கிருந்து அறிவிப்பு, நிகழ்ச்சி வரிசை, செயல்திட்டம் என்று பொருள் விரிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவத்தில் படைகளுக்குப் பயிற்சி கொடுப்பது, தளவாடம் அனுப்புவது, ஆட்களை எங்கெங்கே நிறுத்துவது என்பதற்கெல்லாம் போட்ட திட்டங்களைப் புரோகிராம் என்றே சொன்னார்கள். கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் அந்த வேலையில் இருந்தவர். போர் முடிந்த பிறகு, விமானப்படைக்காக அந்தத் திட்டங்களைக் கணித முறையில் போட முடியுமா என்று பார்க்கப் போய், 1947இல், இவ்வகைக் கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும் சிம்பிளக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். கட்டுரைக்கு அவர் முதலில் வைத்த பெயர் ‘ஒருபடி (லீனியர்) அமைப்பில் புரோகிராமிங்’ என்ற பொருள்பட நீளமாக இருந்தது. 1948 கோடையில் சாண்டா மோனிகா கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, பொருளியலாளர் கூப்மன்ஸ் அதைச் சுருக்கி லீனியர் புரோகிராமிங் என்று வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். அதுவே நிலைத்துவிட்டது. டான்ட்சிக்கே எழுதி வைத்திருக்கும் செய்தி இது. விமானப்படையில் நடந்த அந்த முயற்சிக்கு ஸ்கூப் என்று பெயர், அதன் விரிவில் வருவதும் ‘உகந்த புரோகிராம்கள்’, அதாவது உகந்த திட்டங்கள். அந்த நாட்களில் கணினிக்கு எழுதிக் கொடுத்ததைப் பெரும்பாலும் ‘கோட்’ (code) என்றுதான் சொன்னார்கள்.

ஆக, இங்கே புரோகிராம் என்றால் திட்டம், புரோகிராமிங் என்றால் திட்டமிடல். தமிழில் ‘ஒருபடித் திட்டமிடல்’ அல்லது ‘நேரியத் திட்டமிடல்’ என்று சொன்னால் போதும். திட்டமிடல் என்று எழுதுகிற பாடநூல்களும் ஆசிரியர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள், நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. என் வருத்தமெல்லாம், சரியான சொல் கையில் இருக்கும்போது அதைத் தள்ளிவிட்டு, கணினித் துறையின் சொற்பட்டியலைத் திறந்து புரோகிராமிங்குக்கு நேரே என்ன இருக்கிறதோ அதை எடுத்து ஒட்டுகிறார்களே என்பதுதான்.

நிரலாக்கம் ஏன் பொருந்தாது என்பதை ஒரு கணக்கு போட்டே காட்டுகிறேன். ஒரு பட்டறையில் நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். நாற்காலிக்கு 2 மணி நேரத் தச்சு வேலை, 3 மணி நேர மெருகு வேலை. மேசைக்கு 4 மணி நேரத் தச்சு, 2 மணி நேர மெருகு. கையில் இருப்பது 80 மணி நேரத் தச்சு, 60 மணி நேர மெருகு. ஒரு நாற்காலியில் 3 பங்கு லாபம் வந்தால் ஒரு மேசையில் 5 பங்கு வரும். எதை எத்தனை செய்வது? மேசையில்தான் லாபம் அதிகம் என்று மேசையாகவே செய்தால், தச்சு நேரம் 20 மேசையோடு தீர்ந்துவிடும், லாபம் 100. மெருகு நேரத்தில் 20 மணி சும்மா கிடக்கும். நாற்காலியாகவே செய்தால் மெருகு நேரம் 20 நாற்காலியோடு தீரும், லாபம் 60தான். 10 நாற்காலியும் 15 மேசையும் செய்தால் இரண்டு நேரமும் மிச்சமில்லாமல் தீர்ந்து 105 கிடைக்கும். அதற்கு மேல் எப்படி மாற்றிப் போட்டாலும் வராது. வரைபடத்தாளில் இரண்டு கோடு போட்டு, வெட்டும் புள்ளியைப் பார்த்தால் விடை வந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு வரி நிரல் உண்டா? பென்சில் வைத்துப் போட்ட கணக்கு இது. இதைவிடப் பெரிய சாட்சியும் இருக்கிறது. ஒரு மனிதனுக்குத் தேவையான சத்துகள் எல்லாம் கிடைக்க வேண்டும், செலவும் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றால் எந்த உணவை எவ்வளவு வாங்குவது என்று பொருளியலாளர் ஸ்டிக்லர் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். 77 உணவு வகைகள், 9 சத்துகள். தோராயமாக அவர் கண்ட விடை, 1939 விலையில் ஆண்டுக்கு 39.93 டாலர். 1947இல் அதையே சிம்பிளக்ஸ் முறையில் போட்டுப் பார்த்தார்கள். 9 பேர் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு போட்டார்கள், மொத்தம் 120 ஆள்நாள் வேலை. வந்த விடை 39.69 டாலர். அந்த 9 பேரும் செய்தது நிரலாக்கம் என்றால் அது என்ன தமிழ்?

இதற்கு நிரல் பக்கம் நிற்பவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அதை ஒதுக்கிவிட முடியாது. நிரல் என்பது கணினிக்காக நேற்று செய்த சொல் இல்லை, பழைய சொல், அதற்கு வரிசை, ஒழுங்கு என்று பொருள், தொல்காப்பியத்திலேயே நிரல்நிறை என்று ஒரு பொருள்கோள் இருக்கிறது, ‘நிகழ்ச்சி நிரல்’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அதில் வருவதும் புரோகிராம்தானே, அப்படியிருக்க நிரலாக்கத்தில் திட்டம் என்ற பொருளும் அடங்கும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிரல் நல்ல சொல் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. கணினிக்கு அது மிக அழகாகப் பொருந்துகிறது, ஏனென்றால் கணினி நிரல் உண்மையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய கட்டளைகளின் வரிசை. நிகழ்ச்சி நிரலும் அப்படித்தான்: முதலில் வாழ்த்துப்பா, அப்புறம் வரவேற்பு, கடைசியில் நன்றியுரை. இரண்டிலும் முன்பின் முக்கியம்.

லீனியர் புரோகிராமிங்கில் அந்த முன்பின் எங்கே? 10 நாற்காலி, 15 மேசை என்பது விடை. நாற்காலியை முதலில் செய்யச் சொல்கிறதா, மேசையையா? ஒன்றும் சொல்லவில்லை. எதில் எவ்வளவு என்பது மட்டுமே அதன் கேள்வி. எந்த வேலையை முதலில் எந்தப் பொறியில் ஏற்றுவது என்று பார்க்கும் வரிசைப்படுத்தல் கணக்கு இதே பாடத்திட்டத்தில் தனியாக இருக்கிறது, நிரல் என்ற சொல் அதற்கு வேண்டுமானால் ஒத்துவரும். நிரலாக்கம் மாணவரைக் குழப்புகிறது என்று மட்டும் இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், கணினி என்ற ஒன்றே இல்லாத உலகத்திலும் இந்தச் சொல் இந்தக் கணக்குக்குப் பொருந்தாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணிதத்தில் அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்தில் கிடைவரிசையை நிரை என்றும் நெடுவரிசையை நிரல் என்றும் சொல்லித் தருகிறோம். சிம்பிளக்ஸ் முறை முழுக்க முழுக்க அட்டவணைதான், ஒவ்வொரு படியிலும் ஒரு நிரையையும் ஒரு நிரலையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பிரதியில் ஒரு வரி: “நிரலாக்கச் சிக்கலின் தீர்வில் முதலில் நுழையும் நிரலைக் கண்டறிக.” நிரலாக்கத்தில் நிரல் நுழைகிறது! படிக்கிற பையன், ஓகோ நெடுவரிசைகளை ஆக்குவதுதான் நிரலாக்கம் போலிருக்கிறது என்று நினைத்தால் யாரைக் குறை சொல்வது?

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சீனத்தில் இதற்கு வழங்கும் பெயரில் வருவது ‘குய்ஹுவா’, திட்டமிடுதல் என்று பொருள். கணினி நிரலுக்கு அவர்களிடம் முற்றிலும் வேறு சொல். ஜப்பானியத்தில் ‘கெய்காகு’, அதுவும் திட்டம்தான். கொரிய மொழியிலும் அப்படியே. பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், அங்கே எந்த மாணவியும் பைத்தான் படிக்கணுமா என்று கேட்க வேண்டியிருக்காது. டான்ட்சிக்குக்கு முன்பே, 1939இல், லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இதே வகைக் கணக்கைப் போட்ட சோவியத் கணிதவியலாளர் காந்தரோவிச், தன் நூலின் பெயரிலேயே உற்பத்தியை ஒழுங்கமைத்தல், திட்டமிடல் என்ற சொற்களை வைத்திருந்தார். பின்னாளில் ரஷ்ய மொழியும் புரோகிராம் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் ஐரோப்பிய மொழிகளுக்கு இரண்டு பொருளையும் தாங்குகிற ஒரே சொல் முன்பே கையில் இருந்தது. நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. திட்டம் வேறு, நிரல் வேறு என்று தமிழ் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது, அந்த வசதியை நாமே கெடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் பொறுக்காமல், இத்துறையின் உலகளாவிய சங்கம் 2010இல் தன் பெயரிலிருந்து புரோகிராமிங்கை எடுத்துவிட்டு ஆப்டிமைசேஷன் என்று மாற்றிக்கொண்டது. அதைப் பின்பற்றி ‘ஒருபடி உகப்பாக்கம்’ என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். உகப்பு என்றால் உயர்வு என்று தொல்காப்பியம் சொல்கிறது, செலவைக் குறைக்கிற கணக்குக்கு அது கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான்.

பெயரின் முன்பாதிக்கு வருவோம். நேரியல் என்றதும் இயற்பியல், வேதியியல் மாதிரி நேர் என்பதற்கு ஒரு இயலா என்று காது கேட்கிறது. நேர்கோட்டு என்று எழுதுவது இன்னும் மோசம், மூன்று மாறிகள் வந்தால் கோடு ஏது, தளம்தான். மாறிகள் முதல் படியில் மட்டுமே வரும் என்பதுதான் லீனியருக்கு இங்கே பொருள், அதனால் எனக்கு ஒருபடி பிடிக்கும். ஒரே படியில் முடிகிற திட்டம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் நியாயமானது. இருபடிச் சமன்பாட்டை யாரும் அப்படிப் படிப்பதில்லை, ஆனால் மேலாண்மை வகுப்பில் கணிதப் பின்னணி இல்லாதவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காக நேரியத் திட்டமிடல் என்று வைத்துக்கொண்டாலும் சரி. பின்பாதியில்தான் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

ஏனென்றால் அது ஒரு சொல்லோடு நிற்பதில்லை. முழுஎண் நிரலாக்கம், இலக்கு நிரலாக்கம், இயங்கு நிரலாக்கம் (டைனமிக் புரோகிராமிங்) என்று குடும்பமே தொடர்ந்து வருகிறது. கடைசியில் சொன்னதற்கு 1950களில் பெயர் வைத்த கணிதவியலாளர் பெல்மன், திட்டமிடுதல், முடிவெடுத்தல் என்ற பொருளில்தான் புரோகிராமிங் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். கணினிக்காரர்கள் தினமும் புழங்குகிற முறை என்பதால், அங்கே நிரலாக்கம் என்று எழுதிவிட்டால் தவறு என்றே யாருக்கும் தெரியாது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறை இதுதான்: சொல்லைப் பார்க்கிறார்கள், பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும், நிரலாக்கம் என்று எழுதக் கை வந்திருக்காது. தமிழ் ஒலி இருந்தால் தமிழ் ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். தவறான தமிழ்ச் சொல்லைவிட லீனியர் புரோகிராமிங் என்று தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுவதை நான் ஏற்றுக்கொள்வேன். புரியாத சொல் என்றால் மாணவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். தப்பாகப் புரிகிற சொல் என்றால் கேட்கவே மாட்டார். இதே பாடத்தில் ‘குறிக்கோள் சார்பு’, ‘கட்டுப்பாடுகள்’, ‘உகந்த தீர்வு’ என்று எவ்வளவு தெளிவான சொற்கள் இருக்கின்றன! குறிக்கோள் சார்பு என்றதும் லாபமோ செலவோ எதை நோக்கிப் போகிறோம் என்பது பளிச்சென்று தெரிகிறது. அதை ஆக்கியவர்களுக்குப் பாடம் தெரிந்திருந்தது.

பிரதியில் ஐந்தாவது பாடம் முழுவதும் நிரலாக்கத்தை அடித்துத் திட்டமிடல் என்று திருத்தினேன், நிரலாளர்கள் இருந்த இடத்தில் ‘திட்டமிடுவோர்’ வந்துவிட்டார்கள். ஒன்பதாவது பாடத்தில், இந்தக் கணக்குகளைக் கணினியில் போடுவதற்கு நிரல் எழுதுவது எப்படி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே மட்டும் நிரலாக்கத்தைத் தொடவில்லை.